மலைகளின் குயில்

டார்ஜிலிங்கை அடுத்த கூம், இந்தியாவிலேயே மிக உயரமான இரயில் நிலையம் உள்ள ஊர். கடல் மட்டத்திலிருந்து 7,407 அடி. பொம்மை இரயில் மூச்சிரைக்க ஏறிவரும் அந்தப் பனிமூட்ட ஊரில் 1945 செப்டம்பர் 9 அன்று அருணா லாமா பிறந்தார். நேபாளி மொழி பேசும் மலைவாழ் குடும்பத்துக் குழந்தை.

ஏழு வயதில் அவர் பாடியதைக் கேட்டு உறவினர் ஒருவர் வியந்து ஊக்கமளித்தார். 1956-இல் டார்ஜிலிங்கில் கூர்க்கா துக்க நிவாரக சம்மேளனம் நடத்திய இசைப் போட்டியில் அருணாவே வென்றார். நம் பள்ளியில் அந்த வயதுத் தங்கைகள் மேடை ஏறவே நடுங்குகிறார்கள்!

பிறகு அம்பர் குருங்கின் இசைப் பள்ளியில் பயின்றார். 2007-இல் நேபாளத்தின் தேசிய கீதமான பாடலுக்கு இசையமைத்தவர் இந்த அம்பர் குருங்தான். கோபால் யோன்ஜன், கர்மா யோன்ஜன் ஆகியோரின் மெட்டுகளையும் அருணா பாடினார். எல்லை தாண்டி நேபாளத்திலும் அவர் புகழ் பரவியது.

இசைக் கலைஞரான சரண் பிரதானை மணந்தார். ஆனால் 1974-இல் கணவர் காலமானார். முப்பது வயது நிரம்பாத தாய். கையில் இரு பிள்ளைகள். அத்துடன் பாட்டை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. பிள்ளைகளையும் வளர்த்தார், பாடவும் செய்தார். பிரிவையும் தனிமையையும் அவர் குரலில் கேட்டவர்கள் கண் கலங்கினர்.

நூற்றுக்கணக்கான பாடல்களைத் தந்து, 1998 பிப்ரவரி 4 அன்று மறைந்தார். மலைகளின் குயில் என்பது மக்கள் அவருக்கு இட்ட பெயர்.