பரணில் நடந்த போர்

“புதையல் தீவு” எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே அறிவோம். அவர் படை நடத்திய சேனாதிபதியும்கூட என்பதை நான் அறிந்தது சென்ற ஆண்டில்தான். அதற்குக் காரணம் விடுதியில் நாங்கள் ஆடிய ஒரு விளையாட்டு.

இடைக்கால ஐரோப்பிய வீரர்களின் சிறு பொம்மைகளை, வில்லாளிகளும் கவசக் குதிரைக்காரர்களுமாக, மேஜைமேல் நிறுத்திச் சண்டையிடுவோம். கடைசிப் பொம்மை விழும்வரை சண்டை ஓயாது. மறுநாள் எல்லோரும் உயிர்த்தெழுந்து நிற்பார்கள். தோற்றவனுக்கு நஷ்டமில்லை, வென்றவனுக்கு லாபமுமில்லை. சில வாரங்களில் அலுத்துவிட்டது. பல சண்டைகளை ஒரே போராகக் கோப்பது எப்படி என்று நூலகத்தில் தேடியபோது அகப்பட்டவர் ஸ்டீவன்ஸன்.

1850 நவம்பர் 13 அன்று எடின்பரோவில் பிறந்தார். தந்தை கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். மகனோ பொறியியலையும் விட்டார், சட்டத்தையும் விட்டார்; எழுத்தைப் பற்றிக்கொண்டார். சிறுவயது முதலே நலிந்த உடம்பு. நோயுற்ற பிள்ளை ஒன்று படுக்கை விரிப்பின்மேல் ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து நடத்துவதை, 1885இல் வெளியான தம் சிறுவர் கவிதை நூலில் பாடியிருக்கிறார். அது சொந்த அனுபவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1880இல் ஃபேனி ஆஸ்போர்னை மணந்தார். அவருடைய மகன் லாயிட். 1881 கோடையில் ஸ்காட்லாந்தின் பிரேமரில் அந்தச் சிறுவனோடு பொழுது போக்குகையில் உருவான ஒரு தீவின் படத்திலிருந்துதான் “புதையல் தீவு” பிறந்தது. படம் முன்னே, கதை பின்னே! பதினைந்து அத்தியாயங்களோடு நின்றுபோன அக்கதையை, நுரையீரல் நோய்க்காகக் குளிர்காலத்தைக் கழிக்கச் சென்ற ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் முடித்தார்.

அந்த டாவோஸ் வீட்டின் கூரையடியில் ஒரு பரண். ஆட்டம் கண்ட ஏணியில் ஏற வேண்டும். நிமிர்ந்து நிற்க முடியாது. மெழுகுவர்த்தி இல்லாமல் கண் தெரியாது. குளிரோ விரல்களை மரக்கச் செய்யும். முப்பத்தொரு வயது நோயாளியும் பதின்மூன்று வயதுச் சிறுவனும் அதன் தரையில் வண்ணச் சுண்ணக்கட்டிகளால் ஒரு நாட்டையே வரைந்தார்கள். மலை, ஆறு, ஊர், பாலம், இரண்டு தரத்துச் சாலைகள். ஒரு போர் முடிய வாரக்கணக்கில் ஆகும். மழை பெய்தால் பாதை கெடும். பாலத்தைத் தகர்க்கலாம், மீண்டும் கட்டலாம். பீரங்கி மெதுவாகத்தான் நகரும், செலவும் மிகுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, படைக்குச் சோறு போய்ச் சேர வேண்டும்.

போர்ச் செய்திகளைக் கற்பனைப் பத்திரிகைகளுக்கு ஸ்டீவன்ஸன் எழுதினார். அவற்றுள் ஒன்றின் ஆசிரியர் தளபதி ஆஸ்போர்னின் ஆணைப்படி தூக்கிலிடப்பட்டார்! (நம் இதழாசிரியர் அஞ்ச வேண்டாம்.)

ஓடியாட முடியாத மனிதர் நடத்திய போரில் வாள்வீச்சைவிட வண்டிப்பாதை பெரிதாக மதிக்கப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. இன்று எவ்வளவு பலம் செலவழித்தால் நாளைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது அவருக்கு அன்றாடக் கணக்கு.

1883இல் அவர் எழுதிய “கறுப்பு அம்பு” இங்கிலாந்தின் ரோஜாப் போர்க் காலக் கதை. நாங்களும் அந்த நாட்டையே அறைத் தரையில் வரைந்தோம். ஒரு முறை என்பது ஒரு வாரம். நல்ல சாலையில் மூன்று சாண், மண்பாதையில் ஒரு சாண். பகடையில் ஒன்று விழுந்தால் மழை; மண்பாதை அடைபடும். ஓர் ஊர் ஒரு படைக்கு இரண்டு வாரமே சோறு போடும். மூன்றாம் வாரமும் அங்கேயே இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு வீரர்கள் கலைந்து போவார்கள். விழுந்த பொம்மை போர் முடியும்வரை பெட்டியில்தான். இவ்வளவே சட்டம்.

ஸ்டீவன்ஸன் கடைசியில் ஸமோவாத் தீவில் குடியேறி, 1894 டிசம்பர் 3 அன்று, நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். பரண் போரின் வரலாற்றை 1898இல் லாயிட்தான் அச்சிட்டு உலகுக்குச் சொன்னார்.

எங்கள் போரின் நான்காம் வாரத்தில், ஒருநாளும் பின்வாங்கியறியாத என் நண்பர், மழையையும் சோற்றையும் கணக்கிட்டு, ஒரு பொம்மையும் இழக்காமல் லிங்கனை விட்டு யார்க்குக்குத் திரும்பினார். அது தோல்வியா இல்லையா என்ற வாதம் உணவுக்கூட மணி அடித்த பிறகும் ஓயவில்லை.