ஒகேனக்கல்லுக்குள் இருக்கும் புகை

ஒகேனக்கல் போய் பரிசல் ஏறாத ஆள் நம்ம காலேஜ்ல ரொம்பக் கம்மி. ஆனா அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சிருக்கோமா? கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. கல், நம்ம கல்லேதான். அருவிச் சாரல் புகை மாதிரி எழுவதால் அந்தப் பெயர்.

பழைய கன்னடத்தில் அது ‘பொகெ’. தெலுங்கில் ‘பொக’, மலையாளத்தில் ‘புக’, தமிழில் புகை. சொல்லின் முதலில் வரும் ‘ப’ பிற்காலக் கன்னடத்தில் ‘ஹ’ ஆகிவிடும். பால் ‘ஹாலு’ ஆனதும் அப்படித்தான். ஐரோப்பாவிலும் இதே கதை நடந்தது: லத்தீனில் ‘பாட்டெர்’, ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’. இந்த ஒழுங்கை ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822ல் விளக்கினார்.

அந்த ஒப்பியல் முறையை நம்ம மொழிகளுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ராபர்ட் கால்டுவெல். 1814ல் அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் படித்தவர். 1838ல் மதப்பணிக்காகச் சென்னை வந்தபோது வயசு 23. சில வருடங்களில் நீலகிரி வழியாக, பெரும்பாலும் நடந்தே, திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் தங்கிப் பள்ளியும் தேவாலயமும் கட்டினார்.

அப்போது பல அறிஞர்கள், தென்னாட்டு மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்றே நம்பினார்கள். அது தவறு என்று 1816லேயே எல்லிஸ் எழுதியிருந்தார். கால்டுவெல் 1856ல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் அதை விரிவாக நிறுவியது. 1875ல் வந்த இரண்டாம் பதிப்பில் தோடா, கோத்தா, கோண்டி உட்பட 12 மொழிகள் ஒரே குடும்பமாக நின்றன.

அவர் எழுதியது எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. 1849ல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய சிறுநூல் அந்த மக்களைக் காயப்படுத்தியது. கடும் எதிர்ப்பும் வந்தது. 1891ல் கொடைக்கானலில் இறந்தார். உடல் இடையன்குடியில், அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1968ல் மெரினாவில் சிலை வைத்தார்கள்.

நம்ம ஹாஸ்டலில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுற பசங்க நிறைய பேர். பாலை ‘ஹாலு’ன்னு ஒருத்தன் சொன்னா சிரிக்கிறோம். அவன் தப்பாப் பேசல. நம்ம சொல்லைத்தான், அவங்க வீட்டு வழக்கப்படி சொல்றான். அடுத்த தடவை ஒகேனக்கல் பஸ் ஏறும்போது இதை அவனிடமே சொல்லுங்க.