ரப்பரில் பணம் கட்டிய மலாக்காக்காரர்: டான் சாய் யான்

மலாக்காவில் தோட்ட முதலாளிகள் மரவள்ளிக்கிழங்கை நம்பியிருந்த காலம் அது. கிழங்கு சீக்கிரம் காசு தரும், மண்ணின் சாரத்தையும் அதே வேகத்தில் உறிஞ்சிவிடும். அந்த நேரத்தில் யாரும் சீண்டாத ஒரு மரத்தின் மேல் பணம் கட்டினார் டான் சாய் யான். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலில் ரப்பர் பயிரிட்டவர் என்று வரலாற்றில் இடம்பிடித்தவர் இவர்தான்.

மலாக்காவின் வசதியான பாபா சீனக் குடும்பத்தில் பிறந்த இவர், சிங்கப்பூரில் மருத்துவமனை கட்டிய வள்ளல் டான் டொக் செங்கின் பேரன். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகள் 22 மட்டுமே. பின்னாளில் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் இயக்குநரான எச்.என். ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பார்த்த முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் நடும்படி வற்புறுத்தினார். பலர் அவரைப் பைத்தியக்காரர் என்றே பேசினார்கள். சாய் யான் மட்டும் காது கொடுத்தார்.

1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். நட்ட மரம் பால் தர ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை வருமானம் இல்லை, விலை என்னவாகும் என்ற உறுதியும் இல்லை. இருந்தும் 1898இல் கூட்டாளிகளோடு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய தோட்டத்தைத் தொடங்கினார். மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோது அவருடைய மரங்கள் தயாராக இருந்தன. புக்கிட் அசஹான் தோட்டம் நல்ல லாபத்துக்கு லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சூதாட்டம் தொடங்கியது. 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. இரண்டு ஷில்லிங் பங்குகளைப் புதுப்புதுக் கம்பெனிகள் விற்றன. மலாயா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களும் வாங்கிக் குவித்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் விலை பாதியாகச் சரிந்தது.

குதிரைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். கட்டிய பணமெல்லாம் ஒரே உண்டியலில் சேரும். பந்தய மன்றம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரும். எல்லாரும் ஒரே குதிரையில் கட்டினால், அது முதலில் வந்தாலும் கைக்குக் கிடைப்பது சொற்பம். பங்குச் சந்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஊரே வாங்க ஓடிவரும்போது வரப்போகும் லாபத்தை விலையே விழுங்கிவிடும். சாய் யான் கட்டியபோது அந்தக் குதிரையில் வேறு யாரும் கட்டவில்லை. மண்ணைப் பார்த்து, மரத்தைப் பார்த்துக் கட்டினார். 1910இல் லண்டன்காரர்கள் பார்த்தது கம்பெனியின் பெயரை மட்டும்தான்.

செல்வத்தில் ஒரு பகுதியை அவர் பொதுக் காரியத்துக்கும் கொடுத்தார். சிங்கப்பூர் மருத்துவப் பள்ளிக்கு அவர் அளித்த நன்கொடையில் 1911இல் எழுந்த கட்டடம் அவருடைய தந்தை டான் தெக் குவான் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1916இல், ஐம்பது வயதுகூட ஆகாத நிலையில், மலேரியாவால் இறந்தார். தோட்டப் பாட்டாளிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோன அதே காய்ச்சல் முதலாளியையும் விடவில்லை.

அவர் தொடங்கிவைத்த ரப்பர் காடுகளில் பால் வெட்ட, கங்காணிகள் மூலம் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் வந்தார்கள். ரப்பர் விலை மறுபடி விழுந்த 1930இல், ஆண்களின் நாள் கூலி 50 காசிலிருந்து 40 காசானது. வேலை இழந்தவர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். பந்தயத் திடலில் தோற்றால் கட்டியவருக்குத்தான் நட்டம். தோட்டத்திலோ, ஒரு பங்குகூட வாங்காத பால்வெட்டுத் தொழிலாளியின் அடுப்பும் சேர்ந்து அணைந்தது.