ஐயரவர்களைத் தேடி வந்த அதிர்ஷ்டம்

மாரி மழை எல்லாக் குளங்களுக்கும் ஒன்றாகவே பெய்கின்றது. ஆயினும், காலத்தோடு கட்டுத் திருத்திய குளத்திலேதான் தண்ணீர் நிற்கும். வன்னி மக்களாகிய நாம் இதனை நன்கறிவோம். அதிர்ஷ்டமும் அத்தகையதே என்பதை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் வாழ்விலே காண்கின்றோம்.

1855ஆம் ஆண்டு எளிய குடும்பத்திற் பிறந்த ஐயரவர்கள், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டு, 1880இல் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியரானார். அவ்வாண்டு ஐப்பசியில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களையெல்லாம் ஐயரவர்கள் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினவினார். ஐயரவர்கள் படித்ததில்லை.

அன்று மனம் புண்பட்டு ஒதுங்கியிருந்தால் கதை அவ்வளவிலே முடிந்திருக்கும். ஐயரவர்களோ மீண்டும் சென்றார். சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைப் பெற்றார். பல இடங்களிற் பொருள் விளங்கவில்லை. தாம் கல்லூரி ஆசிரியர் என்று கூசாது, அந்நூலைப் போற்றும் சமணரின் வீடு தேடிச் சென்றார். சென்ற அன்று வாயிலிலே மாவிலைத் தோரணம்! அவ்வீட்டிலே சிந்தாமணி படித்து நிறைவெய்திய நாள் அது. கற்றோர் அங்கேயே இருந்தனர். ஐயங்கள் தீரத் தொடங்கின.

1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் ஊரூராய் ஏடு தேடி அலைந்து, பத்துப்பாட்டை 1889இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் வெளியிட்டார். வற்றாப்பளையிலே நாம் பொங்கலிட்டு வணங்கும் கண்ணகையம்மனின் வரலாறு கூறும் சிலப்பதிகாரம் அவர் கையால் 1892இல் வெளிவந்தது. 1942இல் அவர் மறைந்தார்.

முதலியாரைச் சந்தித்தது தற்செயல். மறுமுறை சென்றது ஐயரவர்களின் செயல்.

போரிலே வீட்டோடு ஏடும் புத்தகமும் இழந்தவர்கள் நம்மிடையே பலர். எங்கள் விதி இவ்வளவுதான் என்று சோர்ந்திருக்கும் இளைஞரையும் நாம் அறிவோம். அவர்தம் இழப்புப் பொய்யன்று. எனினும், அறியாததை அறியேன் என்று சொல்லவும், பெரியோர் வாயிலை இரண்டாம் முறை மிதிக்கவும் பொருட்செல்வம் வேண்டியதில்லை. பழங்கூத்தும் பாடலும் நெஞ்சிலே வைத்திருக்கும் முதியோர் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். இளைஞர்காள், அவர்களிடம் இந்த வாரமே செல்லுங்கள். எந்தத் திண்ணையிலே எந்தப் புதையல் காத்திருக்கின்றதென்று யார் அறிவார்? மழை வரும், குளக்கட்டை நாம் திருத்தி வைப்போமாக.