ஆத்திசூடிக்கு முன்பே ஓர் ஔவை: அதியமானோடு கள் பகிர்ந்த புலவரின் கதை

பௌர்ணமி கிரிவலத்துக்காக பெங்களூருவிலிருந்து திருவண்ணாமலைக்கு வண்டி ஓட்டி வருபவர்களுக்கு அந்தச் சாலை மனப்பாடம். கிருஷ்ணகிரியில் திரும்பினால் ஊத்தங்கரை, செங்கம், அப்புறம் தூரத்தில் தெரியும் அண்ணாமலை. முந்தின வாரம் பெங்களூருவின் ஏதோ ஒரு மைக்ரோ ப்ரூவரியில் உட்கார்ந்து, இது ஸ்டவுட், இது விட் பியர், இதில் கசப்பு தூக்கல் என்று நண்பர்களோடு மார்க் போட்டவர்களும் அந்த வண்டிகளில் இருப்பார்கள்.

அவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நிறம், தெளிவு, பழமை, காரம் என்று குடிக்கு அடையாளம் சொல்லும் பழக்கம் இந்தச் சாலையோர மண்ணுக்குப் புதிதல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்தவர் ஒரு பெண். அவர் பெயரைத் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லும். ஔவையார்.

எந்த ஔவை?

ஔவை என்றதும் நம் மனதில் வருவது நரைத்த தலை, கையில் ஊன்றுகோல், நெற்றி நிறைய விபூதி. 1953-ல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அந்த உருவத்தை நிலைநிறுத்திவிட்டார். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்த அந்த ஔவை, பிற்காலச் சோழர் காலத்தை ஒட்டி வாழ்ந்தவர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

சங்க கால ஔவை வேறு ஒருவர். அவருக்கும் ஆத்திசூடி ஔவைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் இருக்கும். சங்க நூல்களில் அவர் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்க காலப் பெண் புலவர்களில் அதிகப் பாடல்கள் கிடைத்திருப்பது இவருக்குத்தான். அறிவுரை சொல்லும் பாட்டி அல்ல இவர். காதலைப் பாடினார், போரைப் பாடினார், அரசர்களிடம் முகத்துக்கு நேராகப் பேசினார். நண்பனோடு உட்கார்ந்து கள்ளும் குடித்தார்.

தகடூரும் திருக்கோவிலூரும்

அந்த நண்பன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுடைய ஊர் தகடூர், இன்றைய தருமபுரி. இவன் வெறும் இலக்கியப் பாத்திரம்தானோ என்ற சந்தேகத்துக்கு 1981-ல் பதில் கிடைத்தது. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரின் குன்றில், தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டறிந்தது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி அது, அதாவது துறவிகள் தங்கும் இடம் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அசோகர் தன் கல்வெட்டில் தெற்கத்திய அரசர்களோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்ற நீண்ட நாள் கேள்விக்கும் அதே கல்வெட்டு விடை தந்தது. அந்தப் பட்டம் அதியமான்களுக்கு உரியது.

தருமபுரிக்காரனின் கல்வெட்டு திருக்கோவிலூர் பக்கம் எப்படி வந்தது? அதியமான் கோவலூரை, அதாவது இன்றைய திருக்கோவிலூரைப் படையெடுத்து வென்றவன். அந்த வெற்றியை ஔவை பாடியிருக்கிறார். திருவண்ணாமலையிலிருந்து திருக்கோவிலூர் சுமார் 35 கி.மீ. தகடூருக்கும் கோவலூருக்கும் நடுவில் கிடக்கும் நிலம்தான் இன்றைய திருவண்ணாமலை, செங்கம் வட்டாரம்.

வாசலில் ஒரு கோபம்

ஔவைக்கும் அதியமானுக்கும் தொடக்கம் அவ்வளவு சுமுகமாக இல்லை. பரிசில் தேடி வந்த புலவரை அவன் காக்க வைத்தான். ஔவைக்கு வந்ததே கோபம்! வாயில் காப்போனைக் கூப்பிட்டு, உன் அரசனுக்குத் தன் தகுதி தெரியாதா, என் தகுதி தெரியாதா என்று கேட்டார். தச்சனின் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் மரத்துக்குப் பஞ்சமா, கலை தெரிந்தவருக்கு எந்தத் திசைக்குப் போனாலும் சோறு உண்டு என்று சொல்லி, யாழையும் மூட்டையையும் கட்டிவிட்டார். இன்றைய பாஷையில் சொன்னால், பேப்பர் போட்டுவிட்டார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. பரிசு கொடுத்தால் இவர் கிளம்பிவிடுவாரே, இன்னும் சில நாள் இருக்கட்டுமே என்றுதான் அதியமான் தாமதித்தான் என்று கதை சொல்லப்படுகிறது. பின்னாளில் ஔவையே பாடினார். ஒரு நாள் போனாலும் சரி, பல நாள் பலரோடு போனாலும் சரி, முதல் நாள் காட்டிய அதே அன்பைத்தான் காட்டுவான். அவன் தரும் பரிசு, யானை தன் கொம்புக்கு நடுவில் வைத்த கவளம் மாதிரி. வாய்க்குப் போகக் கொஞ்சம் நேரமாகலாம், தவறிப் போகாது.

நெடுநாள் வாழவைக்கும் என்று நம்பப்பட்ட அரிய நெல்லிக்கனி கிடைத்தபோது, அதன் பெருமையைச் சொல்லாமலே அதியமான் அதை ஔவைக்குக் கொடுத்தான். காஞ்சியிலிருந்த தொண்டைமானோடு பகை முற்றியபோது தூது போக அவன் தேர்ந்தெடுத்ததும் ஔவையைத்தான். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டினான். மாலை சூட்டி, நெய் பூசி, பளபளவென்று அடுக்கியிருந்த ஆயுதங்களை ஔவை புகழ்ந்தார். கூடவே, எங்கள் அரசனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். யார் நிஜமாகவே போர் செய்கிறவன் என்பது தொண்டைமானுக்குப் புரிய இந்த ஒரு வரி போதும்.

அன்று என்னவெல்லாம் குடித்தார்கள்?

சங்க காலக் குடி என்றாலே பனங்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு வகை மட்டுமே. பனை, தென்னையின் பாளையில் வடியும் நீர் காற்றிலுள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்தில் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும்.

அரிசியில் செய்தது இன்னொரு வகை. தோப்பி என்று பெயர். வீட்டிலேயே காய்ச்சுவார்கள். பெரும்பாணாற்றுப்படை அரிசி மது செய்யும் முறையையே விவரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆற்றி, அதில் நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விட்டு, பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பார்கள்.

பியர் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் பொறி தட்டும். தானியத்திலுள்ள மாவு அப்படியே புளித்து மதுவாகாது, முதலில் அது சர்க்கரையாக மாற வேண்டும். தானியம் முளைக்கும்போது உருவாகும் நொதிகள் அதைச் செய்கின்றன. பார்லியை முளைக்க வைத்துக் காயவைத்தால் மால்ட். நம் ஊர்ச் சாடியில் அந்த வேலையைச் செய்தது நெல்முளை. ஆக, தோப்பி என்பது கள் குடும்பத்தைவிட பியர் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம். கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் மட்டும் இங்கே கிடையாது.

மூன்றாவது, தேன் சேர்த்து மூங்கில் குழாயில் முதிரவைத்த தேறல். தெளிந்த மது என்பதால் தேறல். இதற்கு நல்ல சான்று திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊரான செங்கண்மா இன்றைய செங்கம்தான். அந்த மலைக்குடியினர் மூங்கிலில் விளைந்த தேறலைக் குறைவில்லாமல் குடித்துவிட்டு, விடியற்காலையில் நறவு என்னும் இன்னொரு மதுவையும் அருந்தியதாக அந்தப் பாட்டு சொல்கிறது.

ஔவையின் நாக்கு

இன்று ஒரு பியரை மதிப்பிடுபவர் என்ன பார்க்கிறார்? நிறம், தெளிவு, எவ்வளவு முதிர்ந்தது, நாக்கில் எப்படி இறங்குகிறது, எந்தக் கோப்பையில் ஊற்றினார்கள். ஔவையின் பாடல்களைச் சேர்த்துப் படித்தால் இவை எல்லாமே இருக்கின்றன.

ஒரு பாட்டில், புது அகலில் ஊற்றிய வெப்பர் என்ற மதுவின் நிறத்துக்குப் புலியின் கண்ணை உவமை சொல்கிறார். இன்றைக்கு ஆம்பர் என்று மெனுவில் போடும் நிறம் அது. அதியமானின் மகன் பொகுட்டெழினி தந்த விருந்தைப் பாடும்போது, நாள்பட்ட தேறலின் காரத்துக்குத் தேள் கடியைச் சொல்கிறார். அதை ஊற்றிய பொற்கலம் வானத்துக் கோள்மீன் போல மின்னியதாம். சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த அபூர்வமான நாளில் பாடிய பாட்டில், நாரால் வடிகட்டிய தேறல் வருகிறது. வடிகட்டும் நாரைக்கூட அவர் கவனிக்காமல் விடவில்லை.

ஆனால் ஔவை சுவையோடு நிற்கவில்லை. யார் ஊற்றினார்கள், யாருக்கு முதலில் ஊற்றினார்கள், அதற்கு என்ன விலை என்றும் பார்த்தார்.

குடி இலவசம் இல்லை

அந்தக் காலத்தில் அரசன் கையால் வரும் மது ஒரு மரியாதை, ஒரு கடனும்கூட. ஒரு பாட்டில், அரசே, இந்த வீரனுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு நீ குடி என்கிறார். காரணம், இவனுடைய பாட்டன் உன் பாட்டனைக் காக்க வேல் மழைக்கு நடுவில் நின்று செத்தவன், இவனும் உனக்காக அப்படியே நிற்பான். இன்னொரு பாட்டில் பேசுவது ஒரு தாய். பலரைத் தாண்டி மது மண்டை தன் மகனுக்கு நீட்டப்பட்டதை அவள் நினைக்கிறாள். அந்தக் கௌரவம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளைத் துணி போர்த்திய பாடை அவள் கண் முன்னால் இருக்கிறது.

புலிக்கண் நிற மது வரும் பாட்டிலும் இதே நிழல்தான். அந்த வீரன் ஓரிரு முறை குடித்தான். பகைவர் நெருங்கியதும், மேலும் நீட்டிய மதுவை மறுத்துவிட்டு வாளைக் கையில் எடுத்தான்.

வேல் பாய்ந்த நாள்

சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அந்த வெற்றியைக் கொண்டாடுகிறது. ஔவைக்கு மிஞ்சியது இழவு. அதியமானின் மார்பில் வேல் பாய்ந்தது.

அன்று அவர் பாடிய கையறுநிலைப் பாட்டில் அரசனின் வீரம் முதலில் வருவதில்லை. கள் வருகிறது. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் தான் குடிக்காமல் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, அவன் மகிழ்ந்து மிச்சத்தைக் குடிப்பான். அப்புறம் சோறு, அப்புறம் கறி. புலால் நாறும் தன் தலையை நரந்தம் மணக்கும் கையால் அவன் தடவிக்கொடுத்ததும் நினைவுக்கு வருகிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல், இரப்பவர்களின் பாத்திரத்தைத் துளைத்து, புலவர்களின் நாவிலும் போய் விழுந்தது என்கிறார்.

பற்றாக்குறையான நாளில் யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதே நட்பின் அளவு. ஔவை கடைசியாகப் போட்ட மதிப்பெண் அதற்குத்தான்.

ஒரு சிறு கலத்தில்

அதியமானுக்கு நடுகல் நட்டார்கள். மயில் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் வார்த்துப் படைத்தார்கள். ஔவை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உயர்ந்த மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா ஏற்றுக்கொள்வான்? காலையும் மாலையும் இல்லாமலே போகட்டும் தன் வாழ்நாள் என்று விரக்தியில் பாடினார். வார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கள் இருக்கிறது. அதைத் தனக்குக் கொடுத்துவிட்டுச் சிரிக்கும் ஆள்தான் இல்லை.

அந்த வழக்கம் இந்த வட்டாரத்தில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. செங்கத்தைச் சுற்றிப் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் நிறையக் கிடைத்துள்ளன. தொல்லியல் துறை 1972-ல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. வில்லும் வாளுமாக நிற்கும் வீரனின் காலருகே சில கற்களில் ஒரு கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை இருக்கிறது. தோப்பி என்ற சொல்லே நம் பேச்சிலிருந்து போய்விட்டது. சென்னை மெரினாவில் 1968 முதல் நிற்கும் சிலையிலும், பாடப் புத்தகப் படத்திலும் நாம் பார்ப்பது மூதாட்டி ஔவையை. அவர் பேச்சுக்கு மரியாதை தருவதில் தவறில்லை. ஆனால், அந்த உருவத்தின் பின்னால் இன்னொரு பெண் நிற்கிறார். தேறலின் காரத்தையும் நிறத்தையும் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர், அரசனின் வாசலில் கோபப்படத் தெரிந்தவர், நண்பன் செத்ததும் அவன் பகிர்ந்த கள்ளைச் சொல்லி அழத் தெரிந்தவர்.

அடுத்த பௌர்ணமிக்குச் செங்கம் சாலையில் வரும்போது, வயலோரத்தில் எங்காவது ஒரு நடுகல் தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். வீரனின் காலருகே ஒரு சின்னக் கலம் செதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.