பனிமலை கடந்த குருவானவர்
சங். இப்போலித்தோ தெசிதேரி சுவாமியாரின் சரித்திரம்



பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நம் வேலூர் வட்டாரத்தில் ஏராளம். விடுமுறையில் வரும் அந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். லே, கார்கில், சோஜி லா என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லுவார்கள். லாரியில் உட்கார்ந்து போகும்போதே மூச்சு முட்டுகிற இடங்கள் அவை. ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன், சாலையும் வண்டியும் இல்லாத காலத்தில், அந்த வழியைக் கால்நடையாகக் கடந்து, அதற்கு அப்பாலும் ஏழு மாதம் பனியிலே பிரயாணம் செய்தார் ஒரு குருவானவர். அவர் பிற்பாடு புதுச்சேரிக்கு வந்து நம் தமிழையும் படித்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது. அவருடைய சரித்திரத்தையே இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இப்போலித்தோ தெசிதேரி 1684ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இத்தாலியா தேசத்தில் பிஸ்தோயா என்னும் நகரில் பிறந்தார். 1700இல் சேசு சபையில் சேர்ந்தார். திபெத்து தேசத்துக்கு வேதபோதகராகப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குக் காரணம் உண்டு. 1624இல் அந்தோனியோ தெ அந்திராதே என்னும் போர்த்துக்கேய சேசு சபைக் குரு ஆக்ராவிலிருந்து புறப்பட்டு, பத்ரிநாத் வழியாக மானா கணவாயைத் தாண்டி, மேற்குத் திபெத்திலுள்ள சாப்பராங் என்னும் ஊரை அடைந்தார். அவர் தொடங்கிய வேதபோதகம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. அணைந்த விளக்கை மறுபடி ஏற்ற வேண்டும் என்று சபை நினைத்தது, தெசிதேரி முன்வந்தார். பரிசுத்த பாப்பானவர் 11ஆம் கிளமெந்தின் ஆசீர்வாதம் பெற்று, 1712 செப்டம்பரில் உரோமாபுரியை விட்டார். அப்போது அவருக்கு வயது 27. கப்பல் கோவாவை வந்து சேர ஒரு வருஷம் பிடித்தது.

டில்லியில் அவருக்கு ஒரு துணை கிடைத்தார். அவர் மானுவேல் பிரேயிரே என்னும் போர்த்துக்கேய குரு. வயதில் மூத்தவர், இந்தப் பிரயாணத்துக்குச் சிரேஷ்டரும் அவரே. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதைப் பற்றிக்கொண்டுதான் நடந்தது. இருவரும் 1714 செப்டம்பரில் டில்லியிலிருந்து கிளம்பி, லாகூர் வழியாகக் காஷ்மீரத்திலுள்ள ஸ்ரீநகரை அடைந்தார்கள். பனி வழியை அடைத்துவிட்டபடியால் ஆறு மாதம் அங்கே காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் தெசிதேரி கடும் வியாதியில் விழுந்து சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார். மீண்டவர் பாரசீக பாஷை படிப்பதில் பொழுதைச் செலவிட்டார். சும்மா இருப்பது அவருக்கு ஆகாத காரியம்.

1715 மே 17ஆம் நாள் மலையேற்றம் ஆரம்பமாயிற்று. அந்த ஆண்டு ஆரோகணத் திருநாள் மே 30இல் வந்தது. அதையொட்டிய நாட்களில்தான் அவர்கள் சோஜி லா கணவாயைத் தாண்டினார்கள். அதன் உயரம் 11,500 அடிக்கு மேல். நம் ஏலகிரி மலை சுமார் 3,600 அடி. ஏலகிரியை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்தக் கணவாயின் உயரம் வராது. இந்தக் கணவாயைக் கடந்தபின் மரமில்லை, புல்லில்லை. பாறையும் பனியும் ஆழத்தில் இரைந்தோடும் ஆறுமே உண்டு. வழியென்பது ஒருவர் பின் ஒருவராகக் கால் வைக்கிற அகலம். வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தும். குதிரை ஏறிப் போக இடமில்லாமல் இருவரும் நடந்தே போனார்கள். 40 நாள் நடந்து, ஜூன் மாதக் கடைசியில் லடாக்கின் தலைநகராகிய லே வந்து சேர்ந்தார்கள்.

லே அரசர் நீமா நாம்கியால் அவர்களை அன்போடு வரவேற்றார். ஊரார் நல்ல குணமுள்ளவர்கள். தெசிதேரிக்கு மனம் அங்கேயே ஊன்றிவிட்டது. இங்கேயே தங்கி, பாஷை படித்து, வேலையைத் தொடங்குவோம் என்று எண்ணினார். ஆனால் பிரேயிரே சுவாமியாருக்கோ குளிரும் மலையும் ஒத்துவரவில்லை. இந்தியாவுக்குத் திரும்ப விரும்பினார். வந்த வழியே மறுபடி போக அவருக்குத் துணிவில்லை. கிழக்கே லாசா என்று ஒரு பெரிய நகரம் உண்டு, அங்கிருந்து நேபாளத்தின் வழியாக இந்தியாவுக்கு இறங்கலாம் என்று கேள்விப்பட்டு, அந்த வழியே போகத் தீர்மானித்தார்.

இளையவருக்கு இதில் சம்மதமில்லை. இருந்தும் சிரேஷ்டர் சொன்னபடி மூட்டையைக் கட்டினார். கைக்கு எட்டியதை விட்டுவிட்டு, எங்கே முடியும் என்று தெரியாத பாதையில் கால் வைப்பது எத்தனை கஷ்டம் என்பது, குடும்பத்துக்காக ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1715 ஆகஸ்ட் 17ஆம் நாள் லேயை விட்டார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் எல்லைப்புறத்திலுள்ள தாஷிகாங் என்னும் இடத்தை அடைந்தபோது பிரயாணம் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருப்பது மனித நடமாட்டமே இல்லாத பீடபூமி. மூன்று மாதத்துக்கு வேண்டிய உணவையும் கூடாரத்தையும் சுமந்துகொண்டு, துணையில்லாமல் அதில் இறங்குகிறவர்கள் உயிரோடு கரையேறுவது சந்தேகம். கள்வர் பயமும் உண்டு.

இங்கேதான் சர்வேசுரனுடைய பராமரிப்பு எதிர்பாராத உருவத்தில் வந்தது. அந்த மேற்குத் திபெத்தை ஆண்டுவந்தவர் ஒரு மங்கோலிய சீமாட்டி. கணவர் அதிபதியாயிருந்து இறந்தபின் அவரே படையையும் நாட்டையும் கவனித்துவந்தார். அப்பொழுது தம் பொறுப்பை முடித்துக்கொண்டு லாசாவுக்குப் புறப்பட இருந்தார். முன்பின் அறியாத இந்த இரண்டு அந்நியர்மேல் இரக்கங்கொண்டு, தம் கூட்டத்தோடு வர அனுமதித்தார். அவர் கிறிஸ்தவரல்ல, புத்த மதத்தவர். நம் மதத்தைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பசித்தவனையும் வழி தவறியவனையும் கைவிடக்கூடாது என்பது தெரிந்திருந்தது. தெசிதேரி தம் புத்தகத்தில் இந்த அம்மாளை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

அக்டோபரில் அந்தக் கூட்டம் கிளம்பியது. சீமாட்டியும் குதிரைமேல், அவருடைய பரிவாரத்துப் பெண்களும் குதிரைமேல். முன்னும் பின்னும் வீரர்கள். சாமான்களைச் சுமந்த மிருகங்கள். இவர்களுக்கு நடுவே இரண்டு குருக்களும் அவர்களுடைய சில கிறிஸ்தவ வேலையாட்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரும். பகலெல்லாம் பிரயாணம், இரவிலே கூடாரம். பனியைத் தள்ளி ஒதுக்கிவிட்டுத் தரையிலேயே படுக்கை. விறகு என்பது அந்தப் பக்கத்தில் கிடையாது. காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எரித்துத்தான் தண்ணீர் காய்ச்ச வேண்டும். வறட்டி தட்டிய கைகள் நம் வீடுகளில் உண்டு. ஆனால் அந்த வறட்டி எரியாவிட்டால் விடிவதற்குள் விறைத்துப்போவோம் என்ற நிலைமையை நாம் அறிந்ததில்லை. வெண்ணெயும் உப்பும் கலந்த தேயிலைத் தண்ணீர், வறுத்த வாற்கோதுமை மாவு, கிடைத்தபோது இறைச்சி, இவையே திபெத்து தேசத்துப் பிரயாணிகளின் ஆகாரம்.

இப்படிப் போகையில்தான் அவர்கள் கயிலை மலையையும் மானசரோவர் ஏரியையும் கண்டார்கள். நம் சைவ சகோதரர்கள் சிவபெருமானின் இருப்பிடமென்று போற்றுவதும், அப்பர் காண ஏங்கியதாகத் தமிழ்நாடு சொல்லுவதும் அந்த மலைதான். அதன் உயரம் 21,700 அடிக்கு மேல். ஏரியே சுமார் 15,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பியரில் கயிலையை முதன்முதல் கண்டு எழுதியவர் தெசிதேரிதான் என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுகிறார்கள். மலையை வலம் வரும் யாத்திரிகர்களை அவர் கவனித்தார்; கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார்; பரிகாசம் செய்யவில்லை.

ஒருநாள் பிரேயிரே சுவாமியாரின் குதிரை பனியில் சோர்ந்து விழுந்துவிட்டது. கூட்டம் முன்னே போய்விட, அவர் பின்தங்கிவிட்டார். இராத்திரி கூடாரம் அடித்தபிறகே அவரைக் காணோம் என்று தெரிந்தது. சீமாட்டி உடனே ஆட்களைத் திருப்பியனுப்பி அவரைத் தேடிக் கொண்டுவரச் செய்தார். உயிர் தப்பியது.

1716 மார்ச் 18ஆம் நாள் அவர்கள் லாசாவுக்குள் பிரவேசித்தார்கள். லேயை விட்டு ஏழு மாதம். பிரேயிரே சில வாரங்களிலேயே நேபாளத்தின் வழியாக இந்தியாவுக்கு இறங்கிவிட்டார். அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்த தெசிதேரி, 31 வயதில், அந்த நகரத்தில் ஒரே ஐரோப்பியராகத் தனித்து நின்றார். வர விரும்பாத இடமே அவருடைய வேலைத்தலமாயிற்று.

அங்கே அவர் செய்த வேலையைக் கேளுங்கள். நாட்டை ஆண்ட லாசாங்கான் என்னும் மங்கோலிய மன்னர் அவர் தங்கவும் போதிக்கவும் அனுமதி தந்தார். தெசிதேரி காலை முதல் மாலை வரை திபெத்து மொழியைப் படித்தார். ஓராண்டு முடியுமுன்பே அந்த மொழியில் ஒரு நூல் இயற்றி, 1717 ஜனவரி 6இல், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, மன்னரிடம் சமர்ப்பித்தார். எங்கள் மதத்தை முதலில் நன்றாகக் கற்றுக்கொள்ளும், பிறகு வாதாடலாம் என்பது மன்னர் தந்த புத்திமதி. அது நியாயமென்று அவருக்கும் பட்டது. சேரா என்னும் பெரிய புத்த மடத்தில் போய்த் தங்கி, அவர்களுடைய சாஸ்திரங்களை மாணாக்கனைப்போல் உட்கார்ந்து படித்தார். மடத்தார் அவருக்கு அறை கொடுத்து, அதில் பூசை செய்யவும் இடங்கொடுத்தார்கள். நம் வீரமாமுனிவர் தமிழுக்குச் செய்ததைப்போல, அவர் திபெத்து மொழிக்குச் செய்தார்.

1717 டிசம்பரில் துங்கார் என்னும் வேறொரு மங்கோலியப் படை லாசாவைப் பிடித்துக் கொள்ளையிட்டது. மன்னர் கொல்லப்பட்டார். தெசிதேரி தப்பித் தாக்போ மாகாணத்துக்குப் போய், 1716 கடைசியில் திபெத்துக்கு வந்திருந்த கப்புச்சீன் சபைக் குருக்களின் விடுதியில் தங்கி, எழுதுவதை மட்டும் நிறுத்தாமல் செய்துவந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மற்றொரு கட்டளை வந்தது. திபெத்து வேதபோதகம் கப்புச்சீன் சபையாருக்கே உரியது என்று உரோமாபுரியில் தீர்ப்பாகியிருந்தது. சேசு சபையார் வெளியேற வேண்டும். கடிதம் 1721 தொடக்கத்தில் அவர் கைக்குக் கிடைத்தது. அத்தனை பாடுபட்டுப் படித்த மொழி, எழுதிய நூல்கள், பழகிய மனிதர்கள் எல்லாவற்றையும் விட்டு, ஏப்ரல் மாதக் கடைசியில் லாசாவிலிருந்து இறங்கினார். தம் சபையின் உரிமையை எடுத்துச்சொல்ல அவர் தயங்கவில்லை. ஆனால் முதலில் கீழ்ப்படிந்தார், பிறகே வாதாடினார்.

சில ஆண்டுகள் டில்லியில் இருந்தபின், புதுச்சேரியிலிருந்த சேசு சபையாரிடம் வந்து சேர்ந்தார். அந்நாளில் கர்நாடக தேசம் என்றால் ஆர்க்காட்டு நவாப்பின் சீமை. நம் வேலூரும் ஆம்பூரும் அதற்குள் அடக்கம். நாற்பதை எட்டிய வயதில், மறுபடியும் சிறு பிள்ளைபோல் தமிழ் அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். தேம்பாவணி முடிந்ததாகச் சொல்லப்படும் 1726ஆம் ஆண்டும் அந்தக் காலந்தான். 1727 ஜனவரியில் அவர் புதுச்சேரியில் கப்பலேறியபோது, ஓரியூரில் 1693இல் இரத்தம் சிந்திய அருளானந்த சுவாமியாரின் அர்ச்சியசிஷ்டப் பட்டத்துக்கான பத்திரங்களும் அவருடன் உரோமாபுரிக்குப் போயின. இதற்காகத் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். அருளானந்தருக்கு 1853இல் முத்திப்பேறு பட்டமும் 1947இல் அர்ச்சியசிஷ்டப் பட்டமும் கிடைத்தன. பத்திரங்களைக் கொண்டுபோனவர் அவற்றில் ஒன்றையும் காணவில்லை.

உரோமாபுரியில் திபெத்து வழக்கு நடந்தது. 1732 நவம்பரில் அவருக்கு மாறாகவே முடிவான தீர்ப்பு வந்தது. அவர் அருமையாக எழுதிய திபெத்து தேசத்து வரலாறும் அச்சேறவில்லை. 1733 ஏப்ரலில், 48 வயதில், தெசிதேரி சுவாமியார் மரித்தார். மனிதக் கணக்கில் பார்த்தால் எல்லாமே நஷ்டம்.

142 ஆண்டுகள் சென்றன. 1875இல் அவர் பிறந்த பிஸ்தோயாவில் பழைய தாள்களுக்கிடையே அந்தக் கையெழுத்துப் பிரதி அகப்பட்டது. 1904இல் ஒரு பகுதியும், 1950களில் முழுமையும் அச்சாயின. திபெத்தைப் பற்றி அந்தக் காலத்தில் ஐரோப்பியர் எழுதியவற்றில் இதற்கு நிகரானது இல்லையென்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பங்கு மக்களே, தோல் வேலையின் பழைய முறை உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பிலே ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தொட்டியில் நாட்கணக்காய் போட்டுப் புரட்டியவர், அந்தத் தோல் செருப்பாகி எந்த ஊரில் யார் காலில் ஏறியது என்று கண்டதில்லை. ஆனாலும் ஊறவேண்டிய நாளைக் குறைத்தாரா? குறைத்திருந்தால் செருப்பு ஒரு மழைக்குத் தாங்குமா? பார்க்கப்போகிறவர் யார் என்று தெரியாமலே வேலையைச் சரியாகச் செய்து முடித்தவர்கள் அவர்கள். தெசிதேரி சுவாமியாரும் அப்படியே.

உங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்த மங்கோலிய அம்மாளையும் விட்டுவிடாதீர்கள். அவர் அன்று இடங்கொடாதிருந்தால், இன்று நாம் சொல்ல ஒரு கதையும் இருந்திராது.