தாமஸ் ஹட்சின்சன்

அமெரிக்க விடுதலை வரலாற்றில் வெற்றி பெற்றோரின் புகழே பெரிதும் பேசப்படுகின்றது. தோற்ற தரப்பில் நின்ற ஓர் அறிஞரின் வாழ்வும் நாம் எண்ணிப் பார்த்தற்குரியதே. அவர் தாமஸ் ஹட்சின்சன் ஆவார்.

ஆங்கிலேயரின் குடியேற்ற நாடுகளுள் ஒன்றாகிய மாசச்சூசெட்ஸின் தலைநகர் பாஸ்டன். அந்நகரில் 1711-ஆம் ஆண்டு, செல்வம் மிக்க வணிகக் குடும்பத்தில் ஹட்சின்சன் பிறந்தார். 1727-இல் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் வணிகத்தில் ஈடுபட்டுப் பொருளீட்டினார். 1737-இல் சட்டமன்றம் புகுந்து, நாளடைவில் அதன் தலைவருமானார்.

அந்நாளில் அந்நாட்டின் காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்தது. போர்ச் செலவுக்கு ஈடாக இங்கிலாந்து அளித்த பெருந்தொகையைக் கொண்டு அதனை மீட்டு, வெள்ளி நாணயத்தை நிலைநாட்ட 1749-இல் அவர் சட்டம் இயற்றுவித்தார். சினங்கொண்ட மக்கள் அவ்வாண்டுத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தனர். ஆயினும் அச்சட்டம் நற்பயன் விளைத்தது. 1758-இல் அவர் துணை ஆளுநரானார். சட்டக் கல்வி பயிலாத அவ்வணிகரை 1760-இல் தலைமை நீதிபதிப் பதவியும் நாடி வந்தது.

1765-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் குடியேற்ற நாட்டினர்மீது முத்திரை வரி விதித்தது. அவ்வரி தகாதது என்பதே ஹட்சின்சனின் கருத்து. எனினும், சட்டமானபின் அதற்குப் பணிதல் கடமை என்று அவர் கொண்டார். மக்களோ அவரையே வரிக்குக் காரணர் எனக் கருதினர். ஆகஸ்டு 26-ஆம் நாளிரவு ஒரு கூட்டம் அவர் இல்லத்தைத் தகர்த்துச் சூறையாடியது. அவர் எழுதிவந்த மாசச்சூசெட்ஸ் வரலாற்றின் ஏடுகள் தெருச் சேற்றில் சிதறின. மறுநாள் அவர் நீதிபதிக்குரிய அங்கியுமின்றி, உடுத்திருந்த உடையோடு நீதிமன்றம் சென்றார். வரிக்குத் தாம் துணைநின்றதில்லை என்று கண்ணீர் மல்க உரைத்தார். சிதறிய ஏடுகளை அன்பர் ஒருவர் திரட்டித் தர, அந்நூற்பகுதி 1767-இல் வெளிவந்தது.

1771-இல் ஹட்சின்சன் ஆளுநரானார். குடியேற்ற நாட்டாரின் உரிமைகள் ஓரளவு சுருங்கியே தீரவேண்டும் என அவர் முன்னர் எழுதியிருந்த மடல்கள் 1773-இல் வெளிப்பட்டன. மக்களின் சினம் மூண்டது. அவ்வாண்டு இறுதியில் தேயிலைக் கப்பல்கள் பாஸ்டனை அடைந்தன. வரி செலுத்தாமல் அவை திரும்பிச் செல்ல அவர் இசையவில்லை. டிசம்பர் 16-ஆம் நாளிரவு மக்கள் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் எறிந்தனர்.

1774-இல் ஹட்சின்சன் இங்கிலாந்து சென்றார். விரைவில் திரும்பலாம் என்றே நம்பினார். போர் மூண்டது, அவருடைய உடைமைகள் பறிமுதலாயின. பிறந்த மண்ணை மீண்டும் காணாமலே 1780-இல் அவர் உயிர் நீத்தார்.

கற்றறிந்தவரின் இல்லத்தைச் சூறையாடியது பெரும்பிழையே. ஆயினும், மக்களின் இசைவே சட்டத்தின் வேர் என்பதை அவ்வறிஞரும் உணர்ந்தாரல்லர். ஆட்சிக்கு அவர் காட்டிய நன்றி, தம் நாட்டு மக்களின் குரலை அவர் செவிக்கு எட்டாமற் செய்துவிட்டது.